சொத்தை சாமி

"எனக்கு வேற வேலை குடுங்கம்மா. இனிமே நான் சந்தைக்குப் போகமாட்டேன்."

பையத் தரையில வெச்சான் நஞ்சப்பன். வெச்சான்னு சொல்றது மரியாதைக்கு. எறிஞ்சான்.

பையிலிருந்து ஒரு கத்திரிக்கா உருண்டு ஓடி, குருவோட கால்கிட்ட போயி நின்னுச்சு. அம்மா அத எடுத்து முந்தானையில தொடச்சாங்க.

"ஏனுங்கண்ணா?"

அந்த மடத்துல குரு வயசுல சின்னவங்க, சீடன் பெரியவன். அதனால குரு சீடன 'அண்ணா'ன்னு கூப்பிடுவாங்க, சீடன் குருவ 'அம்மா'ன்னு கூப்பிடுவான். கேக்கறவங்களுக்குத்தான் கொழப்பம். அவங்க ரெண்டு பேருக்கும் இல்ல.

"ஏன்னா கேக்கறீங்க? அதே பை. அதே காசு. அதே பூசணி, அதே முள்ளங்கி, அதே கத்திரிக்கா. போன வாரம் என்னவோ அதுதான் இந்த வாரம். எனக்கு வாய்க்கரிசி போடற அன்னைக்கும் இந்த மடத்துல பூசணிக் கொழம்புதான் கொதிக்கும்."

"பூசணி நல்லதுங்கண்ணா. குளிர்ச்சி."

"எனக்குக் குளிர்ச்சி வேண்டாம். காசு வேணும்."

அது மட்டும் அங்க நடக்காது. மடத்த ஆரம்பிச்ச பெரியவர் ஒரு சட்டம் போட்டுட்டுப் போயிட்டாரு. அரிசி யார் குடுத்தாலும் கைநீட்டி வாங்கலாம். காய் மட்டும் காசு குடுத்துத்தான் வாங்கணும். அந்தக் காசும் வெளக்குத் தட்டுல தானா விழுந்த காசா இருக்கணும். ஏன்னு அவர் சொல்லல. கேக்கறதுக்கு அவரும் இல்ல.

வெளக்குத் தட்டுல எவ்வளவு விழும்? மலையேறி வர்றவங்களே கொஞ்சம். அவங்கள்லயும் பாதிப்பேரு தட்டப் பாத்ததும் கண்ண மூடித் தியானம் பண்ண ஆரம்பிச்சிருவாங்க.

"நான் வாழ்ந்தவம்மா," ன்னான் நஞ்சப்பன். "அப்பல்லாம் நான் சந்தைக்குள்ள நொழஞ்சா ஸ்டூல் எடுத்துப் போடுவாங்க. மாம்பழத்த மோந்து பாத்து, அறுத்து வாயில போட்டு, புடிச்சா கூடையோட தூக்கிட்டு வருவேன். சந்தைன்னா எனக்குத் திருவிழா. இப்ப? பொழுது சாஞ்சு, எல்லாரும் சாக்கு மடிக்கற நேரத்துல, திருடன் மாதிரிப் போறேன்."

"ஏன் அந்த நேரத்துல?"

"அப்பத்தான் மலிவு."

"அதுக்கு மட்டுமா?"

நஞ்சப்பன் துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டான்.

அம்மா கீழ கெடந்த பைய எடுத்தாங்க. மஞ்சப்பை. ஒரு பக்கம் செகப்பு எழுத்துல மடத்துப் பேரு அச்சடிச்சிருக்கும். ஆனா பேரு தெரியல. பைய உள்பக்கம் வெளிய வர்ற மாதிரித் திருப்பி வெச்சிருந்தான்.

"பை திரும்பியிருக்கே?"

"அழுக்காயிருச்சும்மா. அதான்."

அம்மா பைய நேராத் திருப்புனாங்க. செகப்பு எழுத்து நேத்து அச்சடிச்ச மாதிரிப் பளிச்சுன்னு இருந்துச்சு. அழுக்கெல்லாம் உள்பக்கந்தான்.

நஞ்சப்பன் மோட்டுவளையப் பாத்தான்.

*

"கத்திரிக்கா நல்ல பிஞ்சா இருக்கே. எப்படிங்க வாங்குனீங்க?"

இத மட்டும் கேட்டாப் போதும். நஞ்சப்பன் மூஞ்சியில வெளிச்சம் வந்துரும். மடத்துக்கு வர்றதுக்கு முன்னால அவன் வக்கீல் குமாஸ்தா. எதிர்க்கட்சி சாட்சிய ஒடைக்கறதுக்கு வக்கீல் கேக்கற கேள்வியெல்லாம் இவன் எழுதிக் குடுத்தது. சாட்சி அழுதுட்டுத்தான் கூண்ட விட்டு எறங்குவான்.

"காய எடுக்கணும். திருப்பணும். மூஞ்சியச் சுளிக்கணும். அப்பறம் நாலு கடைக்குக் கேக்கற மாதிரி 'சொத்தை!'ன்னு ஒரு சத்தம். அவ்வளவுதாம்மா. கடைக்காரம்மா பதறிப் போயி 'மெதுவாச் சொல்லுங்க சாமி'ன்னு வெலயக் கொறச்சிரும். முள்ளங்கின்னா 'முத்தல்'. பூசணின்னா 'வெம்பல்'. கீரைன்னா 'வாடல்'. கேஸ் முடிஞ்சுது."

"சொத்தையா இருந்துச்சா?"

"இருந்தா என்னம்மா, இல்லாட்டி என்ன? வெல கொறஞ்சுதா இல்லியா?"

அம்மா எந்திரிச்சுப் போயி அந்தக் கத்திரிக்காய அடுப்புத் தணல்ல போட்டாங்க. தோலு கருகி வெடிச்சதும் எடுத்து உரிச்சு, ரெண்டா வகுந்தாங்க. உள்ள வெள்ள வெளேர்னு இருந்துச்சு. புழுவும் இல்ல, புள்ளியும் இல்ல. ஒரு துண்டு அவன் கையில வெச்சாங்க.

தின்னான்.

"எப்படிங்கண்ணா?"

"உப்புப் பத்தல."

"காய்?"

மென்னுக்கிட்டே இருந்தான். அப்பறம், "காய் பரவால்ல," ன்னான்.

"சந்தையில வேற சொன்னீங்களாட்ட இருக்கு."

"அது பேரம்மா. பேரத்துல பொய்யி மெய்யி கெடையாது."

"சரிங்கண்ணா. குருபூச முடியட்டும். வேற வேலை குடுக்கறேன்."

"அதுவரைக்கும்?"

அம்மா ஆள்காட்டி வெரல எடுத்து ஒதட்டு மேல வெச்சாங்க.

"என்னது?"

மறுபடியும் வெச்சாங்க.

"மௌனமா? சந்தையிலயா? ஏம்மா, ஊமை வேஷத்துல போயி எவன்கிட்ட நான் பேரம் பேசறது?"

வெரல் எடுக்கல.

"இது அநியாயம்."

எடுக்கல.

"வெல கேக்கறதுக்காவது—"

அம்மா உள்ள போயிட்டாங்க.

மௌனம் குடுத்தா குடுத்ததுதான். சந்தை எல்லையில ஒரு நடுகல் இருக்கு. அதத் தாண்டி உள்ள போனா வாயத் தொறக்கக் கூடாது. வெளிய வந்தாப் பேசிக்கலாம். மீறினவனுக்குக் குருபூசப் பந்தியில எல கெடையாது. இதுவும் பெரியவர் போட்ட சட்டம். சட்டம்னா நஞ்சப்பனுக்கு உயிரு. அடுத்தவன் கழுத்துல மாட்டற சட்டம்னா இன்னும் பிரியம். தன் கழுத்துல மாட்டுனது இதுதான் மொதத் தடவ.

*

அடுத்த செவ்வாக்கெழம பொழுது சாயறப்பப் போனான். பைய மறுபடியும் உள்வெளியாத் திருப்பிக்கிட்டான்.

கத்திரிக்காக்காரி தெய்வாத்தா சந்தைக் கோடியில, சாக்கடையோரமா உக்காந்திருந்தா. போன வாரமும் அங்கதான் இருந்திருப்பா. நஞ்சப்பன் காயத்தான் பாப்பான், எடத்தப் பாக்கமாட்டான்.

அவன் வர்றதப் பாத்ததும் அவ முதுகு நிமுந்துச்சு. அடி வாங்கப் போற புள்ளை பல்லக் கடிச்சுக்கும் பாருங்க, அப்படி.

நஞ்சப்பன் ஒரு காய எடுத்தான். திருப்புனான். பழக்கத்துல மூஞ்சியும் சுளிச்சிருச்சு. ஆனா சத்தம் வரல.

பக்கத்துல வெங்காயம் வெச்சிருந்த காசிம் பாய் காதத் தீட்டிக்கிட்டுப் பாத்தாரு. கொஞ்ச நேரம் கழிச்சு அடுத்த கடைக்காரன்கிட்டக் கேட்டாரு.

"என்னப்பா, சொத்தை சாமிக்கு இன்னைக்கு வாயில கட்டியா?"

நாலஞ்சு பேரு சிரிச்சாங்க.

யாரடா சொல்றாங்கன்னு நஞ்சப்பன் திரும்பிப் பாத்தான். பின்னால யாரும் இல்ல. சாக்கடைதான் ஓடுச்சு.

அப்பறந்தான் வெளங்குச்சு. காது மடல் ரெண்டும் தணலாட்டம் ஆச்சு. இந்தச் சந்தையில இருக்கற காய்க்கெல்லாம் இவன் ஒரு பேரு வெச்சிருந்தான்: முத்தல், வெம்பல், வாடல். கடைக்காரங்க இவனுக்கு ஒன்னு வெச்சிருக்காங்க. வெச்சு எத்தன நாளாச்சோ.

அந்த நேரத்துக்கு பஸ் ஸ்டாண்டுல சாப்பாட்டுக்கடை நடத்தற அம்மணி ஒருத்தி வந்தா. நல்ல வாட்டசாட்டமான ஆளு, பெரிய கூடை. குனிஞ்சு ரெண்டு கையிலயும் கத்திரிக்காய அள்ளுனா. தெய்வாத்தா மூஞ்சி மலந்துச்சு. இத்தன காயும் இந்த ஒரு கூடையிலயே தீந்திரும்.

அம்மணி பக்கத்துல நிக்கறவன அப்பத்தான் பாத்தா.

"அட, சாமி இங்கதான் இருக்கீங்களா! காய் பாக்கறதுல உங்கள அடிச்சுக்க ஆளில்லன்னு சொல்றாங்க. சொல்லுங்க, இது எப்படி? சொத்தையா?"

நஞ்சப்பன் கையில ஒரு காய் இருந்துச்சு. இப்பத்தான் அதப் பாத்தான். ஊதா நெறத்துல வெள்ள வரி. காம்புல பச்ச மாறல. முள்ளு வெரலக் குத்துச்சு. காலையில பறிச்சாத்தான் முள்ளு அப்படிக் குத்தும்.

தெய்வாத்தா அவன் வாயையே பாத்துக்கிட்டு இருந்தா.

வாயத் தொறக்கப் போனான். நடுகல் ஞாபகம் வந்துச்சு. பந்தி ஞாபகம் வந்துச்சு. ஊரே உக்காந்து சாப்பிடறப்ப, எல இல்லாம ஓரமா நிக்கற தன்னோட உருவம் ஞாபகம் வந்துச்சு.

வாய மூடிக்கிட்டான்.

"சாமியே சொல்ல மாட்டேங்கறாரு. அப்ப நமக்கெதுக்கு வம்பு?" அம்மணி அள்ளுன காய அப்படியே சாக்குல போட்டுட்டு, கூடையத் தூக்கிக்கிட்டு அடுத்த வரிசைக்குப் போயிட்டா.

தெய்வாத்தா செதறுன காயத் தெரட்டிச் சேத்தா.

"போன வாரம் யாரும் கேக்காமயே சொன்னீங்க," ன்னா தெய்வாத்தா. "இன்னைக்குக் கேட்டாங்க. சொல்லியிருக்கலாமுங்க சாமி."

நஞ்சப்பன் அவசரமா வெரல ஒதட்டுல வெச்சுக் காட்டுனான்.

"விரதமுங்களா?"

தலையாட்டுனான்.

"நல்லதுங்க. நல்ல வார்த்த சொல்றதுக்கு மட்டும் விரதம்."

அவ கோவமாச் சொல்லல. கோவமாச் சொல்லியிருந்தா இவன் தாங்கியிருப்பான்.

"நடுச்சந்தையில புளியமரத்தடியில இருந்தேனுங்க சாமி. வாரா வாரம் நீங்க சத்தம் போட்டுப் போட்டு, 'அந்த சொத்தக்காய்க்காரி'ன்னு ஆயிப் போச்சு. நெழல்ல உக்காந்தாச் சந்தைச் சுங்கம் அதிகம். ஏவாரம் இல்லாம எப்படிக் கட்டறது? இங்கன்னா கம்மி. நாத்தந்தான். பழகிருச்சு."

நஞ்சப்பன் காசச் சாக்கு மேல வெச்சான். அவ தராசத் தூக்கி நிறுத்துக் கொட்டுனா. முள்ளு நேரா நிக்கற வரைக்கும் விடல. கடைசியில ஒரு கொத்துக் கருவேப்பில கிள்ளிப் பையில போட்டா.

வேண்டாம்னு கைய ஆட்டுனான்.

"கொசுறு போடாம யாரையும் அனுப்புனதில்லீங்க," ன்னா. "உங்களுக்காக அத மாத்திக்க முடியுமா?"

*

நடுகல்லத் தாண்டுனான். இப்பப் பேசலாம். பேச்சு வரல. மலையேறி முடிக்கற வரைக்கும் வரல.

"மௌனமா இருந்தீங்களாண்ணா?"

"இருந்தேன். ஒரு எழுத்துப் பேசல."

"காய் எப்படி இருந்துச்சு?"

"நல்லாத்தாம்மா இருந்துச்சு. காலையில பறிச்சது. முள்ளு குத்துச்சு."

"யார்கிட்டச் சொன்னீங்க?"

"உங்ககிட்டச் சொல்றேன்ல."

அம்மா அம்மிக்குத் திரும்பிக்கிட்டாங்க. மொளகா அரைபடற சத்தம் மட்டும் கேட்டுச்சு.

அந்தச் சத்தத்த அவனால கொஞ்ச நேரத்துக்கு மேல தாங்க முடியல.

"நீங்கதானம்மா என் வாயக் கட்டுனது!"

"ஆமாங்கண்ணா."

"ஒரு வார்த்த கேட்டாங்க. ஒரே ஒரு வார்த்த. சொல்லியிருப்பேன். நீங்க போட்ட மௌனம் தடுத்துச்சு."

"ஆமாங்கண்ணா."

"மீறியிருந்தா பந்தியில எல இல்லைன்னு சொல்லியிருப்பீங்க."

"சொல்லியிருப்பேன்."

"அப்ப நான் செஞ்சது சரிதான?"

"சரிதானுங்கண்ணா."

கேஸு ஜெயிச்சிருச்சு. வாழ்க்கையில எத்தனையோ கேஸு ஜெயிச்சுக் குடுத்தவன். ஜெயிச்சதுக்கு இப்படிச் செருப்படி பட்ட மாதிரி எரிஞ்சதில்ல.

அன்னைக்குக் கத்திரிக்காக் கொழம்பு. "காய் வெண்ணெயாட்டம் இருக்கு"ன்னு மடத்துல எல்லாரும் சொன்னாங்க. நஞ்சப்பன் மோர் ஊத்திச் சாப்பிட்டு எந்திரிச்சுட்டான்.

*

குருபூசைக்கு மொத நாளு சந்தை.

நஞ்சப்பன் வெயிலேறறதுக்கு முன்னாலயே போயிட்டான். காலைச் சந்தையப் பாத்து ரொம்ப நாளாச்சு. தண்ணி தெளிச்ச கீரைக்கட்டு, மண்ணோட கெழங்கு, எறக்காத மூட்டை. மல்லித்தழ வாசம் ஆளத் தூக்குச்சு. நின்னு மோந்து பாக்கத் தோணுச்சு. மோந்து பாக்கற யோக்கியத நமக்கு உண்டான்னும் தோணுச்சு. தலையக் குனிஞ்சுக்கிட்டு நேராச் சாக்கடையோரம் போனான்.

தெய்வாத்தா அப்பத்தான் சாக்கு விரிச்சுக்கிட்டு இருந்தா.

மொத ஆளா நின்னு காச நீட்டுனான்.

அவ கையெடுத்துக் கும்பிட்டா.

"போணி மட்டும் வேண்டாமுங்க சாமி. கோவிச்சுக்காதீங்க. மொத ஏவாரம் நல்ல வாயி, நல்ல கையில ஆகணும். நாளைக்கு நான் சுங்கம் கட்டாட்டி இந்த எடமும் போயிருமுங்க."

நீட்டுன கைய எப்படித் திருப்பி எடுக்கறதுன்னு அவனுக்குத் தெரியல. காச மறுபடி இடுப்புல சொருகிக்கிட்டு ஓரமா நின்னான். யாராவது போணி பண்ணட்டும், அப்பறம் வாங்கலாம்னு.

ஒருத்தர் வந்தாரு. காயப் பாத்தாரு. நஞ்சப்பனப் பாத்தாரு. நடந்துட்டாரு.

ரெண்டு பொம்பளைங்க வந்தாங்க. ஒருத்தி இன்னொருத்தி இடுப்புல இடிச்சா. போயிட்டாங்க.

"சாமி," ன்னா தெய்வாத்தா. குரல் கெஞ்சுச்சு. "கொஞ்சம் தள்ளிப் போயி நில்லுங்களேன். நீங்க நிக்கறதப் பாத்தே யாரும் வர மாட்டேங்கறாங்க."

கோர்ட்டுல எத்தனையோ பேரு வெளிய போன்னு வெரட்டியிருக்காங்க. ஒருத்தரும் 'நில்லுங்களேன்'னு கெஞ்சி வெரட்டுனதில்ல.

நகரப் போனான். அப்பச் சாப்பாட்டுக்கடை அம்மணி கூடையோட வந்தா.

"ஏனுங்க சாமி, இன்னைக்காவது வாயத் தொறப்பீங்களா? எங்க கடையில நாளைக்குப் பெரிய ஆர்டர். காய் எப்படி? சொல்லுங்க."

நஞ்சப்பன் குனிஞ்சு ஒரு காய எடுத்தான்.

"சொத்தை—"

வாயி பழக்கத்துல பாதிய விட்டுருச்சு. தெய்வாத்தா கண்ண மூடிக்கிட்டா.

"—இல்ல!" ன்னு கத்துனான். நாலு கடைக்கு இல்ல, நடுகல்லுக்கே கேட்டிருக்கும். "சொத்தை இல்லீங்க! இதுல மட்டும் இல்ல. எப்பவுமே இருந்ததில்ல!"

சந்தை திரும்பிப் பாத்துச்சு.

"அப்பறம் ஏன் சாமி வாரா வாரம் சொன்னீங்க?" அம்மணி விடற மாதிரி இல்ல. கூண்டுல நிக்க வெச்சிட்டா.

நஞ்சப்பன் கீழ பாத்தான். தன் கையப் பாத்தான். கையிலிருந்த காயப் பாத்தான்.

"எங்கிட்டக் காசு கம்மிங்க," ன்னான். "அதச் சொல்ல வெக்கமா இருந்துச்சு. காயச் சொல்றது சுலபமா இருந்துச்சு."

தெய்வாத்தா கண்ணத் தொறந்தா.

"இதென்ன சாமி பெரிய ரகசியம்!" ன்னாரு காசிம் பாய். "மடத்துல காசில்லன்னு மலைக்கே தெரியும். பையத் திருப்பிப் புடிச்சா ஆளு மாறிருமா? நாங்க பையவா பாத்தோம்? அந்த மொறச்ச மூஞ்சியத்தான பாத்தோம்!"

சிரிப்பு வரிசை வரிசையாப் போச்சு. நஞ்சப்பன் காதுலிருந்து கழுத்து வரைக்கும் செவந்து நின்னான். ஓடல.

அம்மணி மட்டும் சிரிக்கல. காய ஒடச்சு உள்ள பாத்தா.

"சொத்தை சாமியே நல்லாருக்குன்னு சொல்லிட்டாரு. இதுக்கு மேல என்ன சாட்சி?" கூடையக் கீழ வெச்சா. "போடும்மா, இது நெறைய."

தெய்வாத்தா வாங்குன காசக் கண்ணுல ஒத்திக்கிட்டா. போணி ஆச்சு.

அதுக்கப்பறம் அங்க நடந்தது பேரம் இல்ல. பந்தயம். சொத்தை சாமி நல்ல வார்த்த சொல்லிட்டாருங்கற சேதி கீரை வரிசைக்குப் போயி, கெழங்கு வரிசைக்குப் போயி, கறிக்கடை வரைக்கும் போச்சு. நஞ்சப்பன் வந்தவங்ககிட்டயெல்லாம் காம்பக் காட்டுனான், முள்ளத் தொட்டுப் பாக்கச் சொன்னான், சந்தேகப்பட்டவன் கூடச் சண்டைக்குப் போனான். அவன் நாக்கு அதே நாக்குத்தான்.

சாக்கு காலியாச்சு.

அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. மடத்துக்கு வாங்கல.

தெய்வாத்தா சாக்க ஒதறுனா. ஓரத்துல அவளே ஒதுக்கிப் போட்ட ஒரே ஒரு காய் கெடந்துச்சு. பக்கத்துல ஓட்ட. உள்ள புழு. அத எடுத்து அவன் பையில போட்டா.

"இது உங்களுதுங்க சாமி," ன்னா. "தேடித் தேடிப் பாத்தீங்களே, இத்தன நாளா."

அவ சிரிச்சாளா, திட்டுனாளா? ரெண்டும் இருந்துச்சு. நஞ்சப்பன் பையப் பாத்தான். உள்பக்கந்தான் வெளிய இருந்துச்சு. அங்கயே நின்னு, அத்தன பேரு முன்னால, அந்தக் காய வெளிய எடுத்து, பைய நேராத் திருப்பி, மறுபடி உள்ள போட்டுக்கிட்டான். செகப்பு எழுத்து வெயில்ல நல்லாத் தெரிஞ்சுது.

இடுப்புக் காச எடுத்து உள்ளங்கையில வெச்சு விரிச்சுக் காட்டுனான்.

"இவ்வளவுதான் இருக்கு," ன்னான். "நாளைக்கு ஊரே வரும். இதுக்கு என்னங்க வரும்?"

இந்தக் கேள்விய அவன் அந்தச் சந்தையில கேட்டதே இல்ல.

"இதுக்கா? பப்பாளிக்கா வாங்குங்க," ன்னா தெய்வாத்தா. "சீந்தறதுக்கு ஆளில்லாமக் கெடக்குது."

"பப்பாளிக்காய்ல கொழம்பா?"

"பூசணிய விடப் பாந்தமா இருக்கும். சீரகம் தூக்கலாப் போடணும்."

"சோம்பு போடணும்," ன்னாரு காசிம் பாய்.

"உங்க வீட்டுல போடுங்க பாய். சாமி மடத்துல சீரகந்தான்."

"வாழத்தண்டு இருக்குதுங்க, நார் எடுக்கச் சோம்பல்பட்டுக்கிட்டு ஒருத்தனும் வாங்கறதில்ல," ன்னு எதிர் வரிசையிலிருந்து ஒரு சத்தம். "முருங்கக்கீரை சும்மா ஒடிச்சுக்கலாம், உருவறதுக்கு ஆளிருக்கா?" ன்னு இன்னொன்னு.

"சும்மா வேண்டாங்க. மடத்துச் சட்டம்," ன்னான் நஞ்சப்பன். "ஒரு காசாவது வாங்கிக்கங்க."

"அப்ப மோந்து பாக்கறதுக்கும் காசு குடுப்பீங்களா சாமி?"

ஒரு கட்டு மல்லித்தழைய மூக்குலயே கொண்டு வந்து இடிச்சா ஒருத்தி. இவன் கண்ண மூடிக்கிட்டான்.

*

அம்மா பையக் கொட்டிப் பாத்தாங்க.

"பூசணி இல்லீங்களா?"

"இல்லம்மா. பப்பாளிக்கா. சீரகம் தூக்கலாப் போடணுமாம். சோம்புன்னும் சொல்றாங்க. அதுல இன்னும் தகராறு தீரல."

"கத்திரிக்கா?"

"ஒன்னு இருக்கு."

எடுத்து முன்னால வெச்சான். அம்மா ஓட்டையப் பாத்தாங்க.

"மௌனம்?"

"மீறிட்டேம்மா."

"எல இல்லீங்கண்ணா."

"தெரியும்மா."

குருபூசப் பந்தியில அவன் ஒரு வார்த்த வாதாடல. இடுப்புல துண்டக் கட்டிக்கிட்டுப் பரிமாறுனான். சந்தைக்காரங்க ஒரு வரிசையா உக்காந்திருந்தாங்க. கடைசி எல தெய்வாத்தாளுது. பப்பாளிக்காக் கொழம்ப ஊத்திட்டு நகராம நின்னான்.

அவ ஒரு வாய் வெச்சா. மெதுவா மென்னா. மூஞ்சியச் சுளிச்சா.

"சொத்தை!" ன்னு பந்தி முழுக்கக் கேக்கற மாதிரிச் சத்தம் போட்டா.

பந்தியே அதிர்ந்து சிரிச்சுது.

அவ எலயில சோத்த ஒதுக்கிக் குழி பண்ணிக் காட்டுனா. "இன்னும் ஊத்துங்க சாமி."

கூட்டம் கலஞ்சப்பறம் நஞ்சப்பன் அண்டா கழுவிக்கிட்டு இருந்தான். அம்மா வந்து பக்கத்துல உக்காந்தாங்க. கையில தணல்ல சுட்டு, சொத்தைய அரிஞ்சு எறிஞ்சுட்ட அந்தப் பாதிக் கத்திரிக்கா.

"எலதானே இல்லைன்னு சொன்னேன்," ன்னு அவன் உள்ளங்கையில வெச்சாங்க.

தின்னான்.

"எப்படிங்கண்ணா?"

"நல்லாருக்கும்மா."

"உப்பு?"

"பத்தல. நல்லாருக்கு."

அம்மா முந்தானையில கையத் தொடச்சாங்க.

"குருபூச முடிஞ்சுது. வேற வேலை கேட்டீங்கள்ல? நாளையிலிருந்து மாட்டுக் கொட்டாயப் பாத்துக்குங்க. சந்தைக்கு வேற ஆளு போகட்டும்." கைய நீட்டுனாங்க. "பையக் குடுங்க."

பை அவன் தோள்ல கெடந்துச்சு. அவன் அத எடுத்தான். மடிச்சான். நீட்டல.

அம்மாவோட கை நீட்டுனபடியே இருந்துச்சு.

"செவ்வாக்கெழம," ன்னான் நஞ்சப்பன், தலைய நிமுத்தாமயே, "சந்தைக்குப் பாவக்கா வருதுன்னு சொன்னாங்கம்மா."